என் பெயரில் நாற்பத்தாறு மணி நேரம்

நடந்ததைச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். நான் எழுதிப் பழகியவன் இல்லை. சமூகக் கல்லூரி ஒன்றில் பதினெட்டு வருஷமாகக் குழாய் வேலை கற்றுக்கொடுக்கிறேன். மாணவர்களிலிருந்து முதல்வர் வரைக்கும் எல்லோருக்கும் நான் குழாய் வாத்தியார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சொல்வார்கள். இருக்கட்டும். என்னிடம் படித்த எவனும் சொட்டுகிற குழாயை அப்படியே விட்டுவிட்டு வந்ததில்லை.

எங்கள் கல்லூரியில் மாதம் ஒரு முறை ஊழியர் செய்தித் தாள் வரும். ஒரே தாள், இரண்டு பக்கம். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் மாடிப்படியில் காலை உடைத்துக்கொண்டார், யாருடைய சாப்பாட்டு டப்பா பத்து நாளாக ஃப்ரிட்ஜில் நாறிக்கொண்டிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் கட்டம் போட்டு ஒரு பட்டியல். அதற்குப் பெயர் சமூகப் பணி மணி நேரம். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இருபது மணி நேரம் வெளியே போய், வசதி இல்லாதவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் இலவசமாக வேலை செய்துகொடுக்க வேண்டும். சமையல் பிரிவு முதியோர் இல்லத்தில் சமைக்கும். கணினிப் பிரிவு நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும். இருபது முடிக்காதவர்களுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது. முதல்வர் இதில் மட்டும் யாருக்கும் முகம் பார்க்க மாட்டார்.

என் கட்டத்தில் பூஜ்யம். வருஷம் முடிய ஏழு வாரம்தான் பாக்கி. அடுத்த மாதம் தொடங்கலாம், அடுத்த மாதம் தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டே இங்கே வந்து நிற்கிறேன். சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. என்னமோ, போகத் தோன்றவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் கூடவே இருந்தது.

இன்று காலை இடைவேளையில் காபி எடுக்கப் போனபோது, அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. அதற்குள் அதன் மேலேயே யாரோ காணாமல் போன குடையைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தார்கள். இந்த ஊழியர்களுக்கு விவஸ்தையே கிடையாது. குடைச் சீட்டைத் தூக்கிவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரியில் என் பெயர். பக்கத்தில் நாற்பத்தாறு. கீழே தடித்த எழுத்தில், இந்த ஆண்டில் இதுவரை அதிக மணி நேரம் பணி செய்தவர் என்று ஒரு வரி வேறு.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கையில் காபி ஆறியது. அந்தப் பக்கம் போன தையல் பிரிவு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

நேரே அலுவலகத்துக்குப் போனேன். செய்தித் தாளைத் தயாரிப்பது அலுவலக உதவியாளர் ஒரு பெண். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் செய்தியம்மா.

"யாரும்மா குடுத்தது இந்தக் கணக்கை?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "சார், போன..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பணிச் சீட்டெல்லாம் மொத்தமா வாசல் பெட்டியில வந்துது சார். நான் கூட்டிப் போட்டேன்."

"நான் எங்கயும் போகவே இல்லையே."

"சீட்டைப் பாக்கறீங்களா?"

அலமாரியைக்கூடத் திறக்கவில்லை. மேஜை மேலேயே, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், கிளிப் போட்டு வைத்திருந்தாள். காகிதங்களை இப்படியா போட்டுவைப்பார்கள் என்று ஒரு திட்டுத் திட்டினேன்.

பதினோரு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் முகவரி, செய்த வேலை, எடுத்த நேரம், வீட்டுக்காரர் கையெழுத்து. அடியில் என் கையெழுத்து. சமையலறை வால்வு மாற்றியது, மூன்று மணி நேரம். கழிவறைத் தொட்டி மிதவை சரிசெய்தது, இரண்டு மணி நேரம். ஷவர் குழாய், நான்கு மணி நேரம். எல்லாம் என் வேலை, என் கையெழுத்து. நான்தான் அதில் இல்லை.

முதலில் மாணவர்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. வாத்தியாருக்கு வேலை போகக்கூடாது என்று பிள்ளைகள் கூடிப் பேசி ஏதோ செய்திருக்கலாம். வகுப்பில் நின்று கேட்டேன். பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். "யாருன்னு சொல்லிடுங்க, திட்டமாட்டேன்" என்றேன். திட்டமாட்டேன் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? மதியத்துக்கு மேல் வகுப்பை முடித்து அனுப்பிவிட்டு, சீட்டிலிருந்து குறித்துவைத்த இரண்டு முகவரிகளோடு கிளம்பினேன்.

முதல் வீடு ஒரு நர்ஸ் வீடு. நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. கணவன் இல்லை, இரண்டு சின்னக் குழந்தைகள். பணி முடிந்து வந்து தூங்கி எழுந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். கல்லூரியிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டாள்.

"குழாய் வாத்தியாரா? ரொம்ப நன்றி சார். அன்னிக்கு நான் டூட்டியில இருந்தேன். சாவியை மீட்டர் பெட்டியில வெச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா சமையலறை தரையே காஞ்சு கெடக்கு. ஒரு வருஷமா பக்கெட் வெச்சிட்டிருந்தேன் சார்."

"வந்தது யாருன்னு நீங்க பாக்கல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்கதானே? நான் கையெழுத்துப் போட்டு மீட்டர் பெட்டியில வெச்ச சீட்டுல உங்க பேருதானே இருந்துது?"

சிங்க்கின் அடியில் குனிந்து டார்ச் அடித்தேன். வேலை சுத்தம். வெள்ளை டேப் பிசிறில்லாமல் சுற்றியிருந்தது. வால்வின் கைப்பிடி சுவர்ப்பக்கம் இடிக்காமல் வெளியே திரும்பியிருந்தது. அதற்கு மேலே, சுவரில், பென்சிலால் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் தேதி. அடியில் ஒரு கோடு.

அந்த வட்டம் என்னுடையது. எந்த வேலை முடித்தாலும் அப்படி ஒரு வட்டம் போடுவேன். அடுத்து வருகிறவன் எப்போது கைவைத்தது என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. மாணவர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவரவர் குறியை அவரவர் தேடிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. தேதி மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை.

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அந்தச் செவ்வாய்க்கிழமையை யோசித்தேன். காலையில் என்ன சாப்பிட்டேன்? வகுப்பில் என்ன நடத்தினேன்? மழை பெய்ததா? ஒன்றும் வரவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை யாருக்குத்தான் நினைவிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனால் ஒரு வீட்டுக்குப் போய், பூட்டைத் திறந்து, மூன்று மணி நேரம் மல்லாந்து படுத்து வேலை செய்தது நினைவிருக்குமே.

என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்தது. சின்ன மறதி இல்லை. நான் சோறு பிசைந்து ஊட்டும்போது, "தம்பி, நீ யாரு வீட்டுப் பிள்ளை? நல்லா இருப்பே" என்பார். மூன்று வருஷம் அப்படி இருந்தார். அவருக்கு அது ஆரம்பித்தபோது வயது ஐம்பத்தாறு. எனக்கு இப்போது ஐம்பத்தைந்து. பயந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ரொம்பவே பயந்தேன்.

"தண்ணி குடிக்கறீங்களா சார்?" என்றாள் நர்ஸ். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது வீடு ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. இடுப்பு எலும்பு உடைந்து, நான்கு கால் ஊன்றுகோலோடு நடக்கிறார். நான் மணி அடிப்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"வாங்க வாத்தியாரே. உக்காருங்க."

அவரை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவரோ ஊன்றுகோலைத் தரையில் தட்டித் தட்டி உள்ளே போய், ஒரு ஜோடிக் கையுறையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். வலது கட்டைவிரல் கிழிந்து கறுப்பு நூலால் தைத்திருந்தது. என் மனைவி தைத்த தையல். வீட்டுக்கே தையல் வேலை எடுத்துச் செய்கிறவள் அவள். அவள் கையை எனக்குத் தெரியாதா?

"இதை நான் எப்ப விட்டுட்டுப் போனேன்?"

"ஷவர் சரிபண்ண வந்தப்போ."

"நானா வந்தேன்? நிச்சயமா நானா?"

டிரைவர் எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "நீங்கதான். நாலு மணி நேரம் இருந்தீங்க. வேலை ஒண்ணரை மணி நேரம், மிச்சம் நாம ரெண்டு பேரும் பேசினது. நல்லா சிரிச்சோம்." கொஞ்ச நேரம் ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரே, வீட்டுல கேட்டீங்களா?"

"எதை?"

"நேரா வீட்டுக்குப் போங்க. வேற எங்கயும் சுத்தாதீங்க. உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க."

வேறு சமயமாக இருந்தால், என் வீட்டுக் கதையில் நீர் யார் தலையிட என்று கேட்டிருப்பேன். அவர் குரலில் அத்தனை அன்பு இருந்ததால் கேட்க முடியவில்லை. கையுறையை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என் மனைவியைத் திட்டிக்கொண்டே வந்தேன். எதற்கு என்று தெரியாமலே திட்டினேன்.

அவள் தையல் மெஷினுக்கு முன்னால் யாருடைய திரைச்சீலைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கையுறையைத் துணி மேல் போட்டேன். அவள் காலை மிதிப்பதை நிறுத்தினாள். கையுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுதலாம் என்றால் அதுவும் பொய். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. களைப்புத்தான் தெரிந்தது.

"உக்காருங்க, சொல்றேன்" என்றாள்.

"நான் நின்னுட்டே கேக்கறேன்."

"நின்னுட்டே கேட்டா கத்துவீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"டிரைவர் வீட்டுக்கு நீங்கதான் போனீங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி. நல்லா செஞ்சு குடுத்துட்டு வந்தீங்க. மறுநாள் காலையில திரும்பவும் பையை எடுத்துட்டு அங்கயே போயிருக்கீங்க. ஷவர் சரிபண்ண வந்தேன்னு சொல்லியிருக்கீங்க. அவரும் ஏதோ விளையாடறீங்கன்னு நெனச்சுட்டார். பிரிச்சு, திரும்ப மாட்டிட்டு வந்தீங்க. அதுக்கு அடுத்த நாளும் போனீங்க. அப்பறம்தான் அவர் எனக்கு போன் பண்ணினார்."

"மத்த வீடு?"

"மத்த பத்து வீடும் நான் போனேன்."

"நீயா? உனக்கு என்ன தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா சாப்பிடும்போதும் குழாய், படுக்கும்போதும் குழாய். காது இருக்கில்ல எனக்கு." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "தெரியாததை உங்ககிட்டயே கேட்டேன். மிதவை கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்க, வால்வு இறுகிப்போனா எப்படித் திறப்பீங்கன்னு சாயங்காலம் கேப்பேன். நீங்க பேப்பர்ல படம் போட்டுச் சொல்லுவீங்க. மறுநாள் அந்தப் படத்தை எடுத்துட்டுப் போவேன்."

அந்தச் சாயங்காலங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அதுதான் வேதனை. இத்தனை வருஷம் கழித்து இவளுக்கு என் வேலையில் ஆசை வந்துவிட்டதே என்று உள்ளூரப் பூரித்துப்போயிருந்தேன். செவ்வாயும் சனியும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், என் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"சுவத்துல வட்டம்?"

"அது இல்லாட்டி உங்க வேலை மாதிரி இருக்காதே. கையெழுத்தும் நான் போட்டதுதான்."

"எதுக்கு இவ்வளவும்?"

"இருபது மணி நேரம் ஆகலைன்னா வேலை போயிடும். வேலை போயிட்டா..." நிறுத்தினாள். "நாளைக்கு எங்க போகணும்னு உங்களுக்குத் தெரியற ஒரே இடம் அந்தக் காலேஜுதான். அது இருக்கற வரைக்கும் நீங்க நல்லா இருப்பீங்கன்னு நெனச்சேன். இருபதோட நிறுத்தியிருக்கணும். ஒரு வீட்டுல முடிச்சா அடுத்த வீட்டுலேர்ந்து கூப்பிட்டாங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைப் போல வசதியான சாமான் வேறு இல்லை, உடனே கைக்கு வரும். "ரெண்டு மூணு தடவை ஒரே வீட்டுக்குப் போயிட்டா அது வியாதியா? ஆயிரம் வேலைல ஒரு மனுஷன் மறக்க மாட்டானா?" என்று கத்தினேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "போன மாசம் வொர்க்ஷாப்ல குழாய் ஒட்டற கேஸ் டார்ச் எரிஞ்சுட்டே இருந்துதே. அதுக்கு வகுப்பு முழுக்கத் திட்டினீங்களே. பத்தவெச்சது நீங்கதான். பிள்ளைங்க ரெண்டு பேர் வந்து அழுதுட்டுப் போனாங்க. அதுலேர்ந்து தினம் ஒருத்தர் முறை போட்டு, நீங்க போனப்பறம் அணைச்சுட்டு வராங்க."

தரையைப் பார்த்த பதினான்கு தலைகளும் கண் முன்னால் வந்தன. என் மேல் பயந்து குனிந்தார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒரு காகிதம் கேட்டேன். அவள் அளவு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். செய்தித் தாளுக்கு ஒரு திருத்தம் எழுதினேன். என் பெயரில் வந்த நாற்பத்தாறு மணி நேரத்தில் நான்கு மட்டுமே என்னுடையது. நாற்பத்திரண்டு என் மனைவியுடையது. எனக்கு மறதி நோய் இருக்கிறது. நெருப்பு வைத்து வேலை செய்யும் வகுப்பில் நான் இனி நிற்கக்கூடாது. இவ்வளவுதான் எழுதினேன். எழுதி முடித்ததும், பயத்துக்கு நடுவில், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும் அல்லவா?

காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் படிக்கவில்லை. மெஷின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து மடித்த இரண்டு தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

பிரித்தேன். இரண்டும் அதே நோட்டுத் தாள். இரண்டிலும் என் கையெழுத்து. இரண்டிலும் இதே திருத்தம், கிட்டத்தட்ட இதே வரிகள்.

"அந்தச் செய்தித் தாள் ஒட்டிப் பத்து நாளாச்சுங்க" என்றாள். "நீங்க அதைப் பாத்துட்டு வந்து கேக்கறது இது மூணாவது தடவை. மூணு தடவையும் டிரைவர் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வந்தீங்க. போன ரெண்டு தடவையும் மறுநாளே ஷவர் சரிபண்ணறேன்னு போய், கையுறையைத் திரும்ப அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்க. மூணு தடவையும் கத்தினீங்க, அப்பறம் பேப்பர் கேட்டீங்க."

"ஏன் இதைக் கொண்டுபோய்க் குடுக்கல?"

"காலையில எழுந்து நீங்க யூனிஃபார்ம் மாட்டிட்டு சந்தோஷமா கெளம்பினீங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி. எனக்கு மனசு வரல. இன்னும் ஒரு நாள் போகட்டும்னு வெச்சிட்டேன்." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

எனக்குச் சுவர் கடிகாரம் கண்ணில் பட்டது. நாலே கால். அலுவலகம் ஐந்து மணி வரை இருக்கும்.

"செருப்பை மாட்டு" என்றேன். "எனக்கு இப்ப நினைவு இருக்கு. இருக்கும்போதே போயிடலாம்."

"நாளைக்குப் போலாமே."

"நாளைக்கு நான் வரமாட்டேன்மா. நாளைக்கு வேற எவனோ யூனிஃபார்ம் மாட்டிட்டு சந்தோஷமா கெளம்புவான். அவன்கிட்ட இதை எப்படிச் சொல்லுவே?"

நடந்தே போனோம். தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு நொடி எனக்குத் தடுமாறியது. அவளிடம் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

செய்தியம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நான் மூன்று தாள்களையும் அவள் முன்னால் வைத்தேன். மூன்றையும் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள்.

"முதல்வர்கிட்ட நானே இப்பப் போய்ச் சொல்லிடறேன்" என்றேன். "அதுக்கு முன்னாடி, நீ பட்டியலைத் திருத்து. நான் பாத்துட்டுப் போறேன்."

"உங்க பேர்ல நாலு மணி நேரம். சரியா சார்?"

"எனக்கு அது நினைவில்லம்மா. ஆனா நல்லா சிரிச்சோம்னு அந்த டிரைவர் சொன்னார். போட்டுக்கோ."

அவள் போட்டாள். அடுத்த வரியில் என் மனைவியின் பெயரை அடித்து, பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று அடித்தாள். நடுவில் ஒரு கட்டம் காலியாக நின்றது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பிரிவைப் போடும் கட்டம் அது.

"இவங்க ஊழியர் இல்லையே சார். பிரிவுன்னு என்ன போடறது?"

"குழாய்ப் பிரிவு" என்றேன்.

என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாளைக்கு இது எனக்குத் தெரியாமல் போகலாம். அவளுக்குத் தெரியும்.